உலாவி யாருக்காக வேலை செய்கிறது?



போன வருஷம் ஒரு ராத்திரி, ஐந்தாம் படிவம் படிக்கும் என் தம்பி வரலாற்றுப் பாடத்துக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தான். திடீரென்று கூப்பிட்டான்: "அக்கா, நம்ம வீட்டுல யாரு கடன் தேடுறாங்க?"

போய்ப் பார்த்தேன். அவன் திறந்த பக்கங்களில் எல்லாம் கடன் விளம்பரம். 'சம்பளச் சீட்டு வேண்டாம்', 'கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் பரவாயில்லை', 'இன்றே பணம்'. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் யாரையும் பார்க்கவில்லை, தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

மாமா உலு திராமில் எங்கள் பக்கத்துத் தாமானில் இருக்கிறார். தினமும் விடியற்காலை மோட்டாரில் கிளம்பி, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் வேலை. விபத்தில் கால் அடிபட்டு இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அதே நேரத்தில் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் தவணைக் கட்டணம். அவருடைய கைப்பேசித் திரை உடைந்திருந்ததால், "வேலை தேடணும்" என்று சொல்லி ராத்திரியில் எங்கள் மடிக்கணினியைத்தான் பயன்படுத்துவார். அவர் தேடியது வேலை இல்லை, கடன். அன்றைக்கு முந்தின வாரமே ஒரு விளம்பரத்தை அழுத்தி, படிவம் நிரப்பி, 'செயல்முறைக் கட்டணம்' என்று 650 வெள்ளி அனுப்பிவிட்டார். கடன் வரவில்லை. இன்னும் 900 வெள்ளி அனுப்பச் சொல்லி புலனத்தில் செய்திதான் வந்தது.

எங்கள் வீட்டு மடிக்கணினியில் தேடியதால்தான் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் மாமா மறைத்து வைத்திருந்த கஷ்டம், முன்பின் தெரியாத விளம்பரக்காரர்களுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

நான் பொறியியல் படிக்கிறேன். நெட்வொர்க் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் என் வீட்டு மடிக்கணினியில் எந்த உலாவி இருக்கிறது, அது யாருக்கு என்ன சொல்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் இதைப் படித்தேன். பிறகு எங்கள் கிளையின் ஞாயிறு வகுப்பில் பாடமாக நடத்தினேன். அங்கே வந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

1. நம்மை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

ஒரு பாசார் மாலாமை நினைத்துப் பாருங்கள். ஐம்பது கடை. கடைக்காரர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் ஒவ்வொரு கடை ஓரத்திலும் ஒரே கம்பெனியின் ஆள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் கடையில் உங்கள் கையில் ஒரு எண்ணை முத்திரை குத்துகிறார். அடுத்த கடையில் அந்த முத்திரையைப் பார்த்து, 'இந்த எண் ஆள் இப்போது மருந்துக் கடையில்' என்று நோட்டில் எழுதுகிறார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ராத்திரி முடிவதற்குள் நீங்கள் எதை வாங்கினீர்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தீர்கள் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

அந்த முத்திரைதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். நோக்கம் நல்லதுதான். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் அதே ஆள்தான் என்று அகப்பக்கத்துக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் கூடையில் பொருளைப் போட்டு வைக்கவே முடியாது. நீங்கள் போன அகப்பக்கமே வைக்கும் குக்கியால் பெரிய தொல்லை இல்லை. அந்தப் பக்கத்துக்குள் விளம்பரமாகவோ 'லைக்' பொத்தானாகவோ உட்கார்ந்திருக்கும் வெளிக் கம்பெனி வைக்கிறதே, அந்த மூன்றாம் தரப்புக் குக்கிதான் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆள்.

சரி, முத்திரையை அழித்துவிட்டால்? அப்போதும் அவரால் உங்களைக் கண்டுபிடிக்க முடியும். சட்டை நிறம், உயரம், நடை, கையில் இருக்கும் பை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும். கணினியில் இது திரை அளவு, நேர மண்டலம், மொழி அமைப்பு, எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் அட்டை. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம். சேர்த்தால் உங்கள் உலாவியின் கைரேகை. அமெரிக்காவின் இ.எஃப்.எஃப். என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2010இல் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் உலாவிகளைச் சோதித்தது. அதில் 83.6 விழுக்காட்டு உலாவிகளின் கைரேகை வேறு எதனோடும் ஒத்துப்போகவில்லை.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. உலாவி மொழியைத் தமிழாக வைத்து, நாலைந்து தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து, நேரத்தை மலேசியாவில் வைத்திருக்கிறீர்கள் என்றால், அப்படிப்பட்ட கணினிகள் உலகத்தில் எத்தனை இருக்கும்? கூட்டத்தில் நீங்கள் சுலபமாகத் தெரிவீர்கள். தமிழை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கைரேகை எடுப்பதை உலாவிதான் தடுக்க வேண்டும், அதற்காக நாம் மொழியை மாற்றக் கூடாது.

2. "இன்காக்னிடோ போட்டா போதாதா?"

வகுப்பில் வந்த முதல் கேள்வியே இதுதான். போதாது.

இன்காக்னிடோ அல்லது தனிப்பட்ட சாளரம் செய்வது ஒரே வேலை. அதை மூடியதும், அந்தக் கணினியில் வரலாறும் குக்கியும் மிஞ்சாது. அடுத்து வந்து உட்காரும் தம்பிக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் போன அகப்பக்கத்துக்கும், இணையச் சேவை நிறுவனத்துக்கும், பள்ளி அல்லது அலுவலக நெட்வொர்க்குக்கும் நீங்கள் வந்தது தெரியும்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததால் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. குரோமின் இன்காக்னிடோவில் இருந்தபோதும் தங்கள் நடமாட்டம் சேகரிக்கப்பட்டது என்று 2020இல் கூகல் மீது பயனர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளிவந்த சமரச உடன்பாட்டின்படி, கோடிக்கணக்கான தரவுப் பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ கூகல் ஒப்புக்கொண்டது. இன்காக்னிடோ திறக்கும்போது வரும் அறிவிப்பின் வாசகமும் மாறியது.

எங்கள் வீட்டில் மாமா இன்காக்னிடோ போட்டிருந்தால் தம்பிக்கு அந்த விளம்பரங்கள் வந்திருக்காது. உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் போயிருக்கும், இரண்டாவது 900 வெள்ளியும் போயிருக்கும்.

3. திறந்த மூலம் என்றால் என்ன?

கோயிலில் அன்னதானம் சமைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் எட்டிப் பார்க்கலாம். என்ன எண்ணெய், எவ்வளவு உப்பு, பாத்திரம் கழுவினார்களா என்று பார்க்கலாம். எல்லாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்குச் சாம்பார் வைக்கவே தெரியாது, பார்த்தாலும் புரியாது. ஆனால் சமைக்கத் தெரிந்த பத்து அத்தைமார் பார்க்கிறார்கள். பார்ப்பார்கள் என்பது சமைப்பவருக்கும் தெரியும். அதுதான் பாதுகாப்பு.

மென்பொருளில் சமையல் குறிப்புக்குப் பெயர் மூலநிரல். அதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்று உரிமம் கொடுத்தால் அது திறந்த மூல மென்பொருள். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

"திறந்து வச்சா மட்டும் யோக்கியமாயிடுமா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆகாது. அதற்கு நிஜமாக நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

பிரேவ் என்ற உலாவி தனியுரிமையையே பெரிதாகச் சொல்லி விளம்பரம் செய்வது. 2020 ஜூனில் ஒரு பயனர் கவனித்தார்: முகவரிப் பட்டையில் ஒரு மின்நாணயச் சந்தையின் முகவரியைத் தட்டினால், பிரேவ் தானாகவே அதன் பின்னால் தன் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்தது. அந்த வழியாகப் போகிறவர் கணக்குத் திறந்தால் பிரேவுக்குத் தரகு. நிரல் திறந்திருந்ததால் மற்றவர்கள் உடனே உள்ளே போய்ப் பார்த்தார்கள். இன்னும் சில தளங்களுக்கும் அதே மாதிரி வரிகள் எழுதியிருந்தன. மறுக்க வழியில்லை. தலைமை நிர்வாகி பிரெண்டன் ஐக் தவறு என்று ஒப்புக்கொண்டார், நிறுவனம் அதை மாற்றியது.

இந்தக் கதையில் பிரேவ் செய்தது தப்பு. ஆனால் தப்பு எவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தது என்பதையும் பாருங்கள். திறந்த மூலம் யாரையும் நல்லவர் ஆக்காது. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் அவர்களை நிறுத்துகிறது.

4. நான்கு உலாவிகள்

ஃபயர்பாக்ஸ். 1998 மார்ச் 31ஆம் தேதி நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் நிரலை உலகத்துக்கே திறந்து விட்டது. அதிலிருந்து பிறந்தது மொசில்லா திட்டம். 2004 நவம்பர் 9ஆம் தேதி ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. பின்னால் இருப்பது இலாப நோக்கமில்லாத மொசில்லா அறக்கட்டளை. தமிழ் இடைமுகமும் உண்டு, 'அமைப்புகள்', 'வரலாறு' என்று தமிழிலேயே படிக்கலாம்.

2019 செப்டம்பரிலிருந்து, தெரிந்த பின்தொடர்வோரின் குக்கிகளை அது தானாகவே தடுக்கிறது. 2022 ஜூனில் இன்னொரு படி போனது. ஒவ்வொரு அகப்பக்கத்துக்கும் தனித்தனி குக்கி டப்பா. பாசார் மாலாம் கணக்கில் சொன்னால், முதல் கடையில் குத்திய முத்திரை அடுத்த கடையில் தெரியாது.

குறையும் சொல்ல வேண்டும். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகலிடமிருந்துதான் வருகிறது, கூகலை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காக. 2025 பிப்ரவரியில் மொசில்லா புதிதாகப் பயன்பாட்டு விதிமுறை கொண்டுவந்தபோது, நாம் தட்டச்சு செய்வதற்கெல்லாம் உரிமை கேட்பதுபோல் அதன் வாசகம் இருந்தது. பயனர்கள் சத்தம் போட்டார்கள். சில நாட்களிலேயே வாசகம் திருத்தப்பட்டது. அதனால் நிறுவிவிட்டு மறந்துவிடக் கூடாது.

பிரேவ். கூகல் 2008இல் திறந்த மூலமாக வெளியிட்ட குரோமியத்தின் மேல் கட்டியது. குரோமில் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. விளம்பரத்தையும் பின்தொடர்வோரையும் நிறுவியதுமே தடுக்கிறது. மின்நாணயம், பணப்பை என்று கூடுதல் சமாச்சாரங்கள் நிறைய. பிடிக்காதவற்றை அணைத்துவிடலாம்.

டோர் உலாவி. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய 'வெங்காய வழி' யோசனையிலிருந்து வந்தது. இப்போது நடத்துவது 2006இல் அமைந்த டோர் திட்டம் என்ற இலாப நோக்கமில்லாத அமைப்பு. உங்கள் கோரிக்கை மூன்று உறை போட்ட கடிதம் மாதிரி மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதல் கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதற்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. நான் மேலே சொன்ன கைரேகைப் பிரச்சினைக்கும் இதுதான் அதிகம் பாடுபடுகிறது. எல்லாருடைய டோர் உலாவியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அதன் கொள்கை. எழுத்துருக்களைக்கூடத் தானே கொண்டுவருகிறது, திரை அளவையும் வட்டமாக்கிச் சொல்கிறது. விலை என்ன? மெதுவாக இருக்கும். சில அகப்பக்கங்கள் உள்ளே விடாது. வங்கி வேலைக்கெல்லாம் இது வேண்டாம்.

உலா. இந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அக்கா, இது நம்ம ஆளுங்க செஞ்சது. தமிழ்ப் பெயர் வேற. இதையே போடலாமே?"

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட உலாவி இது. இதுவும் குரோமியத்தின் மேல்தான். பின்தொடர்வோரைத் தடுப்பது, வேலைக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை, பிள்ளைகளுக்கு ஒரு முறை என்று பிரித்து வைப்பது இதன் சிறப்பு. எங்கள் வீடு மாதிரி ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் அந்தப் பிரிவு உதவும். இந்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சு நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் ஸோஹோவுக்குத்தான் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய்.

பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஆனால் பிரேவிடம் கேட்ட கேள்வியை உலாவிடமும் கேட்க வேண்டாமா? அடித்தளமான குரோமியம் திறந்த மூலம். அதன்மேல் ஸோஹோ கட்டிய முழு உலாவி அப்படித் திறந்த மூலமாகக் கொடுக்கப்படவில்லை, இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இலவசம் வேறு, திறந்தது வேறு. சமையலறையை எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் சமையற்காரரின் நல்ல பெயரை நம்பிச் சாப்பிடுகிறோம். நம்பலாம், அது உங்கள் முடிவு. ஆனால் 'தமிழ்ப் பெயர்' என்பது அந்த முடிவுக்குக் காரணமாக இருக்கக் கூடாது. நாளைக்கு உலாவின் முழு நிரலும் திறக்கப்பட்டால் முதலில் கைதட்டுவது நானாக இருப்பேன்.

இன்னொரு விஷயம். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஐரோப்பா மாதிரி ஒருசில இடங்களில் மட்டும் விதி தளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான். அதனால் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் ஃபயர்பாக்ஸ் தரும் சில வசதிகள், குறிப்பாக நீட்சிகள், அங்கே கிடைக்காது.

5. உலாவி காப்பாற்றாதது எது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தப்பான தைரியம் பயத்தைவிட மோசம்.

முதலாவது, நீங்களே கொடுப்பது. கணக்கில் உள்நுழைந்துவிட்டுத் தேடினால், எந்த உலாவியாக இருந்தாலும் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும். மாமா அந்தப் போலிப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தன் கையாலேயே நிரப்பினார். அதை உலகத்தின் எந்த உலாவியும் தடுத்திருக்காது.

இரண்டாவது, இணையச் சேவை நிறுவனம். இப்போது பெரும்பாலான அகப்பக்கங்கள் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் வருகின்றன. அதனால் பக்கத்தில் என்ன படிக்கிறீர்கள் என்று சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் எந்த அகப்பக்கத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும். முகவரியின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையை வழக்கமாக அவர்களே நடத்துவது அதற்கு ஒரு காரணம்.

இது நம் நாட்டில் தலைப்புச் செய்தியே ஆனது. 2024 செப்டம்பரில், பயனர்கள் வெளி டி.என்.எஸ். சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கேள்விகளை உள்நாட்டுச் சேவை நிறுவனங்களின் டி.என்.எஸ்.ஸுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருந்தது தெரியவந்தது. சூதாட்டம், ஆபாசம், மோசடித் தளங்களைத் தடுக்கத்தான் என்று ஆணையம் விளக்கியது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி, இதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் ஆணையத்திடம் சொன்னார். மோசடித் தளங்களைத் தடுக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், மாமாவின் 650 வெள்ளியை நினைத்து 'வேண்டும்' என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்காக எல்லாருடைய கேள்வியையும் ஒரே வாசல் வழியாகத் திருப்பலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பேசப் பழகுவோம்.

மூன்றாவது, ஏற்கெனவே கசிந்தது. மலேசியாவின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே போயிருந்தது 2017இல் தெரியவந்தது. அப்போதைய மக்கள்தொகையைவிட அது அதிகம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருந்தும் நடந்தது. 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தரவு கசிந்தால் நிறுவனங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

6. "எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லையே?"

வகுப்பில் இதைக் கேட்ட தங்கை நல்ல பிள்ளை. மனசில் பட்டதைக் கேட்டாள். நான் மாமாவின் பெயரைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன்.

மாமா தப்பு எதுவும் செய்யவில்லை. கடன் தேடுவது குற்றமில்லை. ஆனால் அது அவருடைய கஷ்டம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. நம் வீடுகளில் இப்படி எத்தனை இருக்கின்றன? மனநல மருத்துவரைத் தேடும் அண்ணன். குழந்தை தங்காத அக்கா. வேலை போனதை அப்பாவிடம் சொல்லாத பிள்ளை. இவர்கள் முதலில் கேட்பது இணையத்திடம்தான். பலவீனமான நேரத்தில் கேட்கும் கேள்விதான் சந்தையில் அதிக விலை போகும் கேள்வி. ஒளிக்க எதுவும் இல்லாத நாளில் பூட்டுப் போட்டு வைத்தால்தான் தேவைப்படும் நாளில் அது இருக்கும்.

7. இந்த வாரம் செய்ய வேண்டியது

அரை மணி நேரம் போதும். அம்மா, அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

ஒன்று: ஃபயர்பாக்ஸை அதன் சொந்த அகப்பக்கத்திலிருந்தோ அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். புலனத்தில் வந்த இணைப்பு வேண்டாம்.

இரண்டு: அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குப் போய், பின்தொடர்தல் பாதுகாப்பை 'வழக்கமான' நிலையிலிருந்து 'கண்டிப்பான' நிலைக்கு மாற்றுங்கள். ஏதாவது பக்கம் சரியாகத் திறக்கவில்லை என்றால், முகவரிப் பட்டையில் இருக்கும் கேடய அடையாளத்தை அழுத்தி அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தளர்த்தலாம்.

மூன்று: அதே பகுதியில், பூட்டுள்ள இணைப்பை மட்டும் பயன்படுத்தும் அமைப்பைப் போடுங்கள். மொசில்லாவுக்குப் பயன்பாட்டுத் தரவு அனுப்பும் பெட்டிகளின் குறியையும் எடுத்துவிடுங்கள்.

நான்கு: யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். இதுவும் திறந்த மூலம், இலவசம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் வேலை செய்யும். போலிக் கடன் விளம்பரம் கண்ணில் படாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

ஐந்து: வீட்டுக் கணினியில் ஆளுக்கு ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுங்கள். எங்கள் வீட்டில் நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை இதுதான்.

ஆறு: கூகல் கணக்கில் உங்கள் தேடல் வரலாற்றைச் சேமிப்பதையும், உங்களுக்கென்று விளம்பரம் தேர்ந்தெடுப்பதையும் அணையுங்கள்.

ஏழு: பெரியவர்களின் கைப்பேசியில் 997 என்ற எண்ணைச் சேமித்து வையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது. பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும், தாமதித்தால் பிடிக்க முடியாது. யாருக்காவது பணம் அனுப்புமுன், அந்த வங்கிக் கணக்கு எண்ணை அரச மலேசியப் போலீஸின் 'செமாக் மியூல்' பக்கத்தில் தட்டிப் பாருங்கள்.

மாமா அழைக்கவில்லை. அவருக்கு அந்த எண் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அப்பாவும் அவரும் போய்ப் போலீஸ் புகார் செய்தார்கள். 650 வெள்ளி திரும்பி வரவில்லை. மகளின் கட்டணத்தை அம்மாவும் சித்தியும் கூட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார்கள்.

போன மாதம் மாமா புதுக் கைப்பேசியோடு வந்தார். "இந்தாம்மா, அந்த நரி படம் போட்ட செயலியை இதுல போட்டுக் குடு" என்றார். போட்டேன். அமைப்புகளை மாற்றும்போது ஒவ்வொன்றையும் என்ன, ஏன் என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னைக்கே உங்க அம்மாகிட்ட கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. உலாவி செய்ய முடிந்த வேலை ஒன்று இருக்கிறது, குடும்பம் செய்ய வேண்டிய வேலை வேறு ஒன்று இருக்கிறது.

கிளையில் கலந்து பேச:

1. உங்கள் வீட்டுக் கணினியையோ கைப்பேசியையோ எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? ஒருவருடைய தேடல் இன்னொருவருக்கு விளம்பரமாக வந்தது உண்டா?

2. இலவசம், திறந்த மூலம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? உங்கள் கைப்பேசியில் இருக்கும் மூன்று செயலிகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

3. மோசடித் தளங்களை அரசு தடுக்க வேண்டும், ஆனால் எல்லாரையும் கண்காணிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க முடியுமா? எப்படி?

4. பணக் கஷ்டத்தில் இருக்கும் ஒரு பெரியவர் நம்மிடம் தயங்காமல் வந்து சொல்ல, நம் கிளை என்ன செய்யலாம்?